கிரில் மட்டும் மாறிய கார்

எங்க தச்சநல்லூர்ல பழைய கல்யாண ஆல்பம் எதைப் புரட்டினாலும் மாலை போட்ட வெள்ளை அம்பாசடர் ஒன்று நிற்கும். எந்த வருஷத்து வண்டி என்று கேட்டால்தான் சிக்கல். முன்பக்க கிரில்லை வைத்துத்தான் ஓரளவு சொல்ல முடியும்.

அசல் வண்டி இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 1957-58ல் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடராகத் தயாரிக்க ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் 1959லேயே அந்த பாடியை ஓரங்கட்டிவிட்டு, இத்தாலியின் பினின்ஃபரினா வரைந்த புது ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டான். நாம்? 1960களில் மார்க் 2, 1975ல் மார்க் 3, 1979ல் மார்க் 4. பெயர் மாறியது, கிரில், விளக்கு, டேஷ்போர்டு மாறியது. கூரையும் கதவும் பின்பக்க வளைவும் அப்படியே!

சோம்பேறிக் கம்பெனி என்று சொல்லிவிடுவது சுலபம். காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பாடியின் வடிவத்தை மாற்ற வேண்டுமென்றால் தகட்டை அழுத்தும் அச்சுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். அது பெரிய முதலீடு. லைசென்ஸ் காலத்தில் எத்தனை வண்டி செய்யலாம் என்பதையே அரசுதான் சொன்னது. 1969ல் விலையையும் அரசே நிர்ணயித்தது. கார் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடின. இன்னொரு பக்கம், முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஜனங்கள். பழைய வண்டிக்கே இவ்வளவு நீள க்யூ நிற்கும்போது புது அச்சுக்கு யார் பணம் போடுவார்கள்? நஷ்டம் வாங்கியவனுக்குத்தான். 1950களின் காருக்கு 1970களிலும் அவன் காத்துக் கிடந்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்குப் பிறகுதான் அவசரம். 1990களில் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர் எல்லாம் வந்தன. உள்ளே ஜப்பான், வெளியே அதே மோரிஸ். இதில் வேடிக்கை, இதே கம்பெனி 1998ல் நம்ம திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் செய்ய ஆரம்பித்துவிட்டது. அம்பாசடருக்கோ 2004ல் 'அவிகோ' என்று முகம் மாற்றினார்கள். மாற்றிய முகம் இன்னும் பழைய காலத்து முகமாக இருந்தது :-)

1980களின் நடுவில் ஆண்டுக்கு 24,000 வரை விற்ற வண்டி, 2013-14ல் சுமார் 2,200க்கு வந்து நின்றது. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. 2,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். 2017ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.