கப்பலை விட்டு இறங்கி முப்பது வருஷம் கழிச்சு வர்ற நோய்

1/ கொல்லிமலை, செம்மேடு பக்கம் ஒரு மருத்துவ முகாம். எழுபது வயசைத் தாண்டின பெரியவர் ஒருத்தர். "70 கொண்டை ஊசி வளைவு பஸ்ல வந்தா ஒண்ணும் பண்றதில்ல டாக்டர், வீட்டுத் திண்ணை ஏறுனா மூச்சு வாங்குது"ன்னார். கையில் பழைய எக்ஸ்ரே. நுரையீரல் உறையில் சுண்ணாம்புத் தட்டு மாதிரி வெள்ளைத் திட்டுகள்.

2/ "என்ன வேலை பாத்தீங்க ஐயா?" "மிளகு, காபி." "அதுக்கு முன்ன?" "நேவி. பாய்லர் ரூம். 15 வருஷம்."
அந்த ஒரு பதில்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3/ நீராவிக் கப்பல்ல பாய்லர், டர்பைன், குழாய் எல்லாமே கடும் சூடு. சூடு வெளியே போகாம, தீ பிடிக்காம இருக்க ஆஸ்பெஸ்டாஸ் சுத்துவாங்க. தமிழ்ல கல்நார். விலை மலிவு, எரியாது. ரிப்பேருக்கு அதைப் பிரிச்சா தூசி பறக்கும். கப்பலுக்கு அடியில காத்தோட்டமும் கம்மி.

4/ கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரல்ல போய்த் தங்கிடும். கரையாது. வருஷக்கணக்கா உள்ளே அழற்சி. விளைவு: நுரையீரல் தழும்பாகிற ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில வர்ற மீசோதெலியோமா. கடைசியா சொன்னது வெளியே தெரிய 20 முதல் 50 வருஷம் ஆகலாம்.

5/ இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. 1924-ல் நெல்லி கெர்ஷா என்ற ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளி இறந்ததை பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல டாக்டர் குக் எழுதினார். 1930-ல் பிரிட்டிஷ் அரசு ஆய்வறிக்கை. 1931-ல் ஆலைகளுக்குத் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள்.

6/ அப்புறம் இரண்டாம் உலகப்போர். ஆயிரக்கணக்கில் கப்பல் கட்டினாங்க. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள்ல குழாய் உறை போடுற 1,074 பேரைப் பரிசோதிச்சு 1946-ல் ஒரு ஆய்வு வந்துச்சு. 3 பேருக்குத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ். அதனால "இந்த வேலை பெருசா ஆபத்தில்லை"ன்னு முடிவு.

7/ இதுல ஓட்டை எங்கே? பரிசோதிச்சவங்கள்ல பெரும்பாலானோர் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம்கூட ஆகாதவங்க. நோய் வந்த மூணு பேரும் 20 வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க. விதை போட்ட மறுநாளே போய்ப் பார்த்துட்டு "இங்க ஒண்ணும் முளைக்கல"ன்னு சொன்ன கதை.

8/ முளைச்சது பின்னாடி. 1960-ல் தென்னாப்பிரிக்காவுல வாக்னர் குழு மீசோதெலியோமாவை ஆஸ்பெஸ்டாஸோட இணைச்சது. 1964-ல் நியூயார்க்கில் செலிகாஃப், உறை போடும் தொழிலாளர்கள்கிட்ட புற்றுநோய் அதிகம்னு காட்டினார். 1968-ல் பிரிட்டனின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்துலேர்ந்து டாக்டர் ஹாரிஸ் எச்சரிச்சார்.

9/ சரி, நிவாரணம்? ஆலன் மாத்யூஸ், 1955 முதல் 1968 வரை பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர், வழக்கு போட்டார். 2003-ல் தோத்தார். காரணம், 1987-க்கு முன்னாடி நடந்த பாதிப்புக்குப் படைவீரர் அரசு மேல வழக்குப் போடவிடாத 1947 சட்டம். போர் ஓய்வூதியம் மட்டும்தான்.

10/ ஆனா மீசோதெலியோமா வந்தவங்கள்ல பலர் ஒரு வருஷம்கூட தாண்டுறதில்லை. மாச பென்ஷன் எத்தனை மாசம் வாங்குவார்? முன்னாள் வீரர்கள் போராடினாங்க. 2016 ஏப்ரல் முதல் 1,40,000 பவுண்டை மொத்தமா வாங்கிக்கிற வழி வந்தது.

11/ நம்ம ஊருக்கு வருவோம். நம்ம முதல் விமானந்தாங்கி விக்ராந்த் (1961–1997), அடுத்து விராட் (1987–2017), ரெண்டும் பிரிட்டன்ல கட்டின நீராவிக் கப்பல்கள். பிரெஞ்சு கிளமென்சோ ஞாபகம் இருக்கா? ஆலங்குக்கு உடைக்க வந்த கப்பல். ஆஸ்பெஸ்டாஸ் எதிர்ப்பால 2006 பிப்ரவரியில் பாதி வழியில திருப்பிக் கூப்பிட்டாங்க. அந்தக் கப்பலைப் பத்தி ஊரே பேசிச்சு. கப்பலுக்குள்ளயே வாழ்ந்தவங்களைப் பத்தி அவ்வளவு பேசல.

12/ 1995-ல் நம்ம உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்குல ஒரு அருமையான உத்தரவு போட்டது: தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து 40 வருஷம், இல்லைன்னா வேலையை விட்டு 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைக்கணும். நோய் தாமதமா வரும்னு புரிஞ்சு எழுதின தீர்ப்பு.

13/ படைவீரர் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 1982 விதிகள்ல, பணி முடிஞ்சு 7 வருஷத்துக்குள்ள வர்ற நோயைத் தாமதமா வெளிப்பட்ட பணிநோயா ஏத்துக்க இடம் இருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனா நார் 7 வருஷத்துல வெளியே வராதே! 1946 ஆய்வுல நடந்த அதே தப்பு, வேற காகிதத்துல.

14/ முன்னாள் கடற்படையினர் செய்ய வேண்டியது:
• எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல "கப்பல்ல இஞ்சின் ரூம்ல இருந்தேன்"னு சொல்லுங்க. இல்லைன்னா டிபி, புகைப் பழக்கம்னு போயிடும்.
• பீடி, சிகரெட் இன்னைக்கே நிறுத்துங்க. ஆஸ்பெஸ்டாஸோட சேர்ந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.
• பணிப் பதிவேடு, கப்பல் பெயர், வருஷம் எல்லாம் பத்திரம்.
• மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல விசாரிங்க. ஓய்வூதியக் கோரிக்கை மறுத்தா, சென்னையில ஆயுதப்படைத் தீர்ப்பாய அமர்வு இருக்கு.

15/ மத்தவங்களுக்கும் ஒண்ணு. கொல்லிமலையில கூரை வேய்ஞ்ச வீடெல்லாம் ஷீட் வீடா மாறிட்டு வருது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்காதீங்க, துளை போடாதீங்க, உடைக்காதீங்க. கழட்டியே ஆகணும்னா தண்ணி தெளிச்சு முழுசா இறக்குங்க. உடைஞ்ச துண்டுல புள்ளைங்க விளையாட வேண்டாம்.

16/ பெரியவரை சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கேன். சீட்டுல நோய் பேருக்கு மேல அவர் தொழிலை எழுதினேன்: "கடற்படை, பாய்லர் அறை, 15 வருடம்." வாங்கிப் படிச்சுட்டு, "இதை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல டாக்டர்"னார்.
உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்குக் கேளுங்க.