விரலும் கடிகாரமும்

சீன நாடிக்கு உடலியல் ஆதாரம் உண்டா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு இருக்கிறது என்பது என் வாதம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷூஹே 'மைஜிங்' நூலில் நாடியை 24 வகையாகப் பிரித்தார். மிதப்பது, மூழ்குவது, வழுக்குவது, நாண்போல் விறைப்பது என்று எல்லாமே தொடுவுணர்வின் சொற்கள். சீன நாடி பற்றிப் படித்திருந்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃப்ளோயர் 1707இல் கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணும் முறையை நூலாக வெளியிட்டார். விரல் வாசித்ததை முள் எண்ணத் தொடங்கியது. எண்ணிக்கைக்குள் அடங்காத சொற்கள் மெல்ல மெல்ல சந்தேகத்துக்குரியவையாயின.

அதற்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள முடியுமா? முடியாது. இடது மணிக்கட்டில் மூன்று விரலுக்கடியிலும் ஓடுவது ஒரே தமனிதான். ஒரு விரலுக்கு இதயம், அடுத்ததற்குக் கல்லீரல், மூன்றாவதற்குச் சிறுநீரகம் என்று பங்குபோட உடற்கூற்றில் இடமில்லை. நாண் நாடி சமாச்சாரம் வேறு. தமனிச் சுவர் விறைத்துப்போனால் துடிப்பலை வேகமாக ஓடி, சீக்கிரமே எதிரொலித்துத் திரும்பும். விரலுக்கு அது இறுக்கமாகப் படுவதில் வியப்பில்லை. கர்ப்பிணிக்கு வழுக்கும் நாடி என்றார்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்கள் தளர்கின்றன.

ஆக, விரல் உணர்ந்தது வேறு, அதன்மேல் வரைந்த உறுப்பு வரைபடம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கும்பிடுவதும் தூக்கியெறிவதும் ஒரே சோம்பேறித்தனம்தான். நஷ்டம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு.