அரை இஞ்ச் போல்ட்டில் ஒரு புரி வித்தியாசம்

"சார், மெக்கானிக்கல் சார்பா ஒரு கட்டுரை வேணும். ஆனா ஃபார்முலா எல்லாம் வேண்டாம்" என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டுக்கொண்டார்கள். ஃபார்முலா இல்லாத மெக்கானிக்கல் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது போல்ட்டும் நட்டும்தான். அதுவும் நானே கெடுத்த ஒரு போல்ட்.

படிப்பு முடித்து ஒரு பஞ்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிது. இங்கிலாந்து இயந்திரங்களுக்கு நடுவே அமெரிக்காவில் செய்த கம்ப்ரஸர் ஒன்று அங்கே இருந்தது. அதன் மூடியைத் திரும்ப மாட்டும்போது ஒரு நட்டைக் காணோம். ஸ்டோரில் போய் "அரை இஞ்ச் நட்டு" என்று கேட்டு வாங்கி வந்தேன். கையால் இரண்டு சுற்று அழகாக ஏறியது. பிறகு இறுகியது. பெயிண்ட் ஒட்டியிருக்கும் என்று நினைத்து, ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி முழு பலத்தோடு இழுத்தேன். ஸ்டட் முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. ஒன்றரை நாள் கம்ப்ரஸர் ஓடவில்லை.

மேஸ்திரி திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து திரெட் கேஜை எடுத்து, அதன் இதழ்களில் ஒன்றை முறிந்த துண்டின் மேல் வைத்துக் காட்டினார். "தம்பி, இது இஞ்சுக்கு 13 திரெட்டுங்க. நீங்க போட்டது 12. கையில ஏறாத நட்டை ஸ்பேனர் போட்டு ஏத்தக்கூடாதுங்க."

கால் இஞ்ச் போல்ட்டுக்கு இரண்டு நாட்டிலும் 20 புரி. முக்கால் இஞ்சுக்கு இரண்டிலும் 10. நாம் அன்றாடம் புழங்கும் அளவுகளில் அரை இஞ்ச் ஒன்றுதான் இப்படி முரண்டு பிடிக்கும். ஏன் என்று அன்று மேஸ்திரியிடம் கேட்டேன். "அது வெள்ளைக்காரனைத்தான் கேக்கோணும்" என்றார். கேட்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

ஆரம்பத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒன்றோடு ஒன்று சேராதது என்பதுதான் இயல்பு நிலை! ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்குப் புரி வெட்டியது. ஒரு இயந்திரத்தைப் பிரித்தால் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர்தான், 1800-ஐ ஒட்டிய வருஷங்களில், நல்ல லேத் ஒன்றைச் செய்து தன் பட்டறைக்குள்ளாவது புரிகளை ஒரே சீராக்கினார். அவரிடம் வேலை பழகியவர் ஜோசப் விட்வொர்த்.

விட்வொர்த் செய்தது பெரிய கண்டுபிடிப்பு இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். அளந்தார். சராசரி எடுத்தார். யாருடைய அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எல்லோருக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படியான ஓர் அட்டவணையை 1841-இல் சிவில் என்ஜினியர்கள் சங்கத்தில் வைத்தார். புரியின் கோணம் 55 டிகிரி. உச்சியும் பள்ளமும் உருண்டை. அரை இஞ்சுக்கு 12 புரி. பிரிட்டிஷ் ரயில்வேக்கள் ஏற்றுக்கொண்டன. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ரயிலோடு அது நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் பிலடெல்பியாக்காரரான வில்லியம் செல்லர்ஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 1864-இல் பிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் அவர் வாசித்த கட்டுரையின் வாதம் சாதாரண டர்னரின் வாதம். உருண்டையான உச்சியை ஒழுங்காக வெட்ட மூன்று வித வெட்டுளியும் இரண்டு வித லேத்தும் வேண்டும். தன் புரிக்கு ஒரு வெட்டுளியும் ஒரு லேத்தும் போதும் என்றார். கோணம் 60 டிகிரி, அதாவது சமபக்க முக்கோணம், அளக்க எளிது. உச்சி தட்டை. அரை இஞ்சுக்கு 13 புரி. 1868-இல் அமெரிக்கக் கடற்படை ஏற்றது. லேத்தில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், செல்லர்ஸ் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயமான இரண்டு பேர் இரண்டு அட்டவணை போட்டதில்தான் என் ஸ்டட் முறிந்தது.

முறிந்தது ஸ்டட் என்றால் பரவாயில்லை. 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, பால்டிமோர் நகரத்தில் தீப்பிடித்தது. வாஷிங்டனிலிருந்து ரயிலில் தீயணைப்பு வண்டிகள் வந்தன. பிலடெல்பியா, நியூயார்க்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் இருந்தது, குழாய் இருந்தது, ஆள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்த குழாய்களின் மரை பால்டிமோர் ஹைட்ரண்டுகளில் ஏறவில்லை! ஒவ்வொரு நகரமும் தனக்கென்று ஒரு மரை வைத்திருந்தது. முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்து, 1,500-க்கும் அதிகமான கட்டடங்கள் போயின. நம் ஊரில் புத்தி பிசகியவனை 'மரை கழன்றவன்' என்போம். ஒரு தேசத்துக்கே மரை கழன்றிருந்தது அன்று தெரிந்தது.

அடுத்த வருஷமே இரண்டரை இஞ்ச் குழாய்க்கு இஞ்சுக்கு ஏழரை புரி என்று தேசிய அளவு வகுத்தார்கள். வகுத்தார்களே தவிர, மாற்றியவர்கள் குறைவு. பழைய ஹைட்ரண்டுகளையெல்லாம் தோண்டி மாற்ற யாருக்குப் பணம்? 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் மலைகளில் தீப்பிடித்தபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் கொண்டுவந்தது இரண்டரை இஞ்ச் இணைப்பு. அங்கே இருந்தது மூன்று இஞ்ச். 2004-இல், பால்டிமோர் தீயின் நூறாம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, அமெரிக்காவின் 48 பெருநகரங்களில் 18-இல்தான் தேசிய அளவு ஹைட்ரண்டுகள் இருந்தன.

விட்வொர்த்தும் செல்லர்ஸும் கடைசியில் சந்தித்தது போரில். இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான என்ஜினை அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி செய்ய ஒப்புக்கொண்டது. என்ஜின் முழுக்க பிரிட்டிஷ் புரிகள். புரிகளை அமெரிக்க அளவுக்கு மாற்றினால், உதிரி பாகம் இங்கிலாந்தில் சேராது. அதனால் பேக்கார்ட், அந்த டேப்புகளையும் டைகளையும் தானே செய்துகொண்டு, 55,000-க்கும் மேற்பட்ட என்ஜின்களை பிரிட்டிஷ் புரியிலேயே செய்து முடித்தது. அந்தச் சிரமம் எல்லோருக்கும் உறைத்திருக்க வேண்டும். 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே புரிக்குக் கையெழுத்துப் போட்டன. கோணம் 60 டிகிரி. விட்வொர்த்தின் 55-ஐ அவர் நாடே விட்டுக்கொடுத்தது. 1965-இல் பிரிட்டன் மெட்ரிக் புரிக்கே போகச் சொல்லிவிட்டது. நாம் 1956-லேயே மெட்ரிக் சட்டம் போட்டிருந்தோம்; ஆனால் இயந்திரங்களுக்குச் சட்டம் தெரியாதே! என் பஞ்சாலையில் எல்லா நாட்டுப் புரியும் ஒரே கூரையின் கீழ் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு எல்லாம் 'எம் 12', 'எம் 16' மயம். விட்வொர்த் மியூசியத்துக்குப் போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம். விடுதியில் அரை இஞ்ச் குழாய் ஒன்றைக் கழற்றி, ஒர்க்‌ஷாப் கேஜை வைத்துப் பாருங்கள். 55 டிகிரி, இஞ்சுக்கு 14 புரி; அதே விட்வொர்த் வடிவம்தான். அமெரிக்க அரை இஞ்ச் குழாய்க்கும் 14 புரிதான், ஆனால் 60 டிகிரி. மாட்டிப் பார்த்தால் ஏறும், அப்புறம் ஒழுகும். வார்டனிடம் சொல்லிவிட்டு, மெயின் வால்வை மூடிய பிறகு கழற்றவும்.