கொட்டகை வீட்டுக்குள் வந்த கதை

தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்றார் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் ஊடகமாக ஆராய்ந்து 1981-ல் அவர் வெளியிட்ட சிறு நூலில் இந்தக் கருத்து வருகிறது. கோயிலில் யார் எதுவரை வரலாம் என்று சாதி கோடு கிழித்திருந்தது. சபாக் கச்சேரிக்குப் போனவர்கள் ஒரு வட்டத்துக்குள் அடங்கியவர்கள். கூத்து நடக்கும் திடலிலும் யார் எங்கே உட்காருவது என்பதை ஊர் வழக்கம் முடிவு செய்தது. கொட்டகையில்தான் காசு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. தரை டிக்கெட் வாங்கியவர் தரையில், நாற்காலிக்குக் கொடுத்தவர் நாற்காலியில். அதற்கு மேல் கேள்வி இல்லை.

தியேட்டரில் பார்ப்பதா, வீட்டில் பார்ப்பதா என்ற வழக்கு இன்று திரையின் அகலம், ஒலியின் தரம், பாப்கார்ன் விலை, வண்டி நிறுத்தக் கட்டணம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இவை எல்லாமே நியாயமான பேச்சுதான். ஆனால் தமிழ்நாட்டில் படம் பார்த்த நூற்றுச் சொச்ச ஆண்டு வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் சிவத்தம்பி எழுப்பிய விஷயமே மேலே நிற்கிறது: யாரோடு உட்கார்ந்து பார்த்தோம்?

திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை உதறிவிட்டு, கூடாரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். வடமேற்கே பெஷாவர் வரைக்கும் அவருடைய கூடாரம் போயிருக்கிறது. 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் 1913-ல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர், இப்போது அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் தபால்தலைப் பிரிவாக இருக்கிறது. அடுத்த ஆண்டே ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைத் திறந்தார். 1931 அக்டோபர் 31-ல் கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானபோது திரை தமிழ் பேசத் தொடங்கியது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நகரத்துத் தியேட்டர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கிராமங்களுக்குச் சினிமாவைக் கொண்டுபோனது டூரிங் டாக்கீஸ். ஊருக்கு வெளியே புறம்போக்கிலோ தரிசுக் காட்டிலோ கீற்று வேய்ந்த கொட்டகை. குறிப்பிட்ட காலத்துக்குத்தான் லைசென்ஸ். அது முடிந்தால் பிரித்துக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் புகும் என்பதால் பகல் காட்சி கிடையாது, முதல் ஆட்டமும் இரண்டாம் ஆட்டமும்தான். சாயங்காலமானால் கூம்பு ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு எழும்பும். சீர்காழி கோவிந்தராஜன் குரல் கேட்டதும் வயலில் நிற்பவர்கள் கரையேறுவார்கள். எந்தப் பாட்டோடு டிக்கெட் கொடுக்கத் தொடங்குவார்கள், எந்தப் பாட்டு முடிந்ததும் படம் போடுவார்கள் என்பது சுற்றுவட்டாரத்துக்கே அத்துப்படி. கடிகாரம் இல்லாத வீடுகள் அந்தப் பாட்டை வைத்து உலை வைத்த காலம் அது.

உள்ளே மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. நடுவில் இடுப்பளவுச் சுவரோ தட்டியோ வைத்து ஆண்களையும் பெண்களையும் பிரித்திருப்பார்கள். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவருக்குத் தலை மறைத்தால் சண்டை வரும். ஒரே புரொஜக்டர்தான் என்பதால் ஒரு சுருள் முடிந்து அடுத்தது மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை. ஒவ்வொன்றிலும் முறுக்கும் கடலை மிட்டாயும் சோடாவும் உள்ளே வரும். பக்கத்து ஊர்ச் சொந்தக்காரரைப் பார்த்து நலம் விசாரிப்பதும், பெண் பார்க்கும் பேச்சைத் தொடங்குவதும் அந்த இடைவேளைகளில்தான் நடந்தன. படப்பெட்டி நகரத்தில் ஓடித் தேய்ந்து, சுருளில் கோடு விழுந்த பிறகே ‘சி சென்டர்’ என்று விநியோகஸ்தர்கள் சொல்லும் இந்த ஊர்களுக்கு வரும். ஓராண்டுப் பழைய படம்தான் அங்கே புதுப்படம். யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை.

சிவத்தம்பி சொன்ன சமத்துவம் அங்கே முழுமையாக இருந்ததா என்றால், இல்லை. பகல் முழுக்கச் சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருந்த கோடு, இரவு மணலில் உட்கார்ந்ததும் அழிந்துவிடவில்லை. ஆனாலும் எழுந்து போ என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லாத ஓர் இடத்தில், காசு கொடுத்து உட்கார்ந்த அனுபவம் சிறியதல்ல. அந்தக் காலத்தில் அப்படி வேறு எத்தனை இடங்கள் இருந்தன?

நகரங்களில் கொட்டகை மாளிகையானது. மதுரை தங்கம் தியேட்டர் 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். சென்னையில் 1964-ல் வந்த சஃபையர் வளாகத்தில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று தியேட்டர்கள். அவற்றில் புளூ டயமண்டில் தொடர்காட்சி, எப்போது வேண்டுமானாலும் நுழைந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். தங்கம் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை நிற்கிறது. சஃபையரும் இல்லை.

வீட்டுக்குள் படம் வந்தது எப்போது? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ என்ற திரைப்பாடல் நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு தமிழ்ப்படம். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வரும்வரை தென்மாவட்டக் கடலோரத்தில் உயரமான ஆன்டெனா நட்டு இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்தார்கள். டிவி இருந்த வீடு தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான். ஞாயிறு மாலை அந்த வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து, பெரியவர்கள் நிலைப்படி வரை நிற்பார்கள். கூடம் நிரம்பினால் ஜன்னல். பல கிராமங்களில் பஞ்சாயத்து டிவி திண்ணையில் வந்து நின்றது. வீட்டில் படம் பார்ப்பது என்பதன் தொடக்கமே இப்படி ஒரு குட்டிக் கொட்டகையாகத்தான் இருந்தது.

ஒரு வேறுபாடு உண்டு. கொட்டகையில் காசு கொடுத்தவருக்கு இடம் உறுதி. டிவி வீட்டில் வீட்டுக்காரர் மனம் வைத்தால்தான் இடம். கூடத்துக்குள் யாரை விடுவது, யார் வாசலோடு நிற்பது என்பதில் பழைய கோடுகள் திரும்பி வந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் பார்த்த தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் படத்தின் கதையை விட அந்த ஜன்னல் எவ்வளவு உயரம் என்பதைத் தெளிவாகச் சொல்வார்கள்.

எண்பதுகளில் வீடியோ கேசட் போடும் ‘டெக்’ வந்தது. வீடியோ கடையிலிருந்து டெக்கையும் கலர் டிவியையும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்து, கேசட்டுகளை அடுக்கி வைத்து, விடிய விடியப் பார்த்தார்கள். கோயில் கொடை, காதுகுத்து, கல்யாண வீடு என்று எல்லாவற்றுக்கும் டெக் வந்தது. தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, முச்சந்தியில் மேசை போட்டு டிவியை வைத்தார்கள். முதலில் சாமி படம், பிறகு எம்.ஜி.ஆர் அல்லது சிவாஜி, நடுநிசிக்கு மேல் ரஜினி அல்லது கமல். பெரியவர்கள் தூங்கிப்போன பிறகு இளைஞர்களின் விருப்பம் நடக்கும். 1990-க்குப் பின் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில் ஜெனரேட்டர் வைத்து, எண்ணெய்க்குப் பணம் சேர்த்து டெக்கில் படம் போட்டார்கள். சிவத்தம்பி பிறந்த மண்ணில், போர்க்காலத்துக் கொட்டகை அதுதான்.

டெக் வைத்துக் காசு வசூலித்து நடத்திய வீடியோ காட்சிகள் தியேட்டர்காரர்களைக் கலங்கடித்தன. வீடியோ கேசட் மூலம் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1984-ல் தனிச் சட்டமே வந்தது. பிறகு கேபிள் டிவியும் அதே சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. திருட்டு விசிடி பெருகியபோது, 2004-ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டையும் அதில் கொண்டுவந்தார்கள். தியேட்டரைக் காப்பாற்ற ஒவ்வொரு முறையும் அரசின் கதவைத் தட்டியதற்குச் சான்றுகள் இவை. ஆனால் டூரிங் டாக்கீஸைக் காப்பாற்ற யாரும் சட்டம் போடவில்லை. கீற்றுக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன, பிறகு கட்டப்படவே இல்லை.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கியது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுப்படம் வீட்டுக்கே வர ஆரம்பித்தது. 2006-ல் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கியது. இந்தத் திட்டத்தை இலவசம் என்று இகழ்ந்தவர்கள் பலர். ஜன்னலில் நின்று பார்த்தவர்களின் வீட்டுக்குள் முதன்முதலாக ஒரு திரை வந்தது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. யாருடைய தயவும் இல்லாமல் தன் பாயில் உட்கார்ந்து படம் பார்க்கும் உரிமையை ஒரு கூலித்தொழிலாளிப் பெண்ணுக்கு அந்தப் பெட்டி கொடுத்தது. தியேட்டரின் அருமையைப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. கைக்குழந்தைக்காரி, படியேற முடியாத முதியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோருக்குத் தியேட்டர் எப்போதும் அவ்வளவு நல்ல இடமாக இருந்ததில்லை.

அடுத்த சண்டை திரையைப் பற்றியது அல்ல, நாளைப் பற்றியது. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூப’த்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச்-ல் காட்டக் கமல்ஹாசன் திட்டமிட்டபோது தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். திட்டம் தள்ளிப்போனது. வேறொரு சர்ச்சையும் தடையும் சேர, தமிழ்நாட்டில் அந்தப் படம் பிப்ரவரி 7-ல்தான் வெளியானது. ஏழே ஆண்டில் கொரோனா வந்து, கேட்காமலேயே தீர்ப்பு எழுதியது. தியேட்டர்கள் மூடிக்கிடந்த 2020 மே 29-ல் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வெளியானது. நவம்பரில் ‘சூரரைப் போற்று’. 2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ தியேட்டர்களை நிரப்பியது, ஆனால் 16 நாளில் அதுவும் கைபேசிக்கு வந்துவிட்டது. ஓராண்டு காத்திருந்து பெட்டி வாங்கிய ஊர்களுக்கும் சென்னைக்கும் இடையே இருந்த கால வித்தியாசம் அன்றோடு முடிந்தது.

அப்படியானால் தியேட்டருக்கு இனி யார் போவார்கள்? இதற்கு 2012-லேயே ஒரு விடை கிடைத்தது. 1964-ல் வந்த ‘கர்ணன்’ படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து அந்த ஆண்டு மார்ச்சில் வெளியிட்டார்கள். டிவியில் எத்தனையோ முறை போட்ட படம், பாதி வசனம் மக்களுக்கு மனப்பாடம். சென்னையில் அது 100 நாளைத் தாண்டி ஓடியது. 2024 ஏப்ரலில் மறுபடி வந்த ‘கில்லி’க்கும் அதே வரவேற்பு. 20 ஆண்டுகளாக வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்கு, அந்தப் படம் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் டிக்கெட் எடுத்தார்கள். கதை தெரிந்துகொள்ள யாரும் போகவில்லை. அடுத்த வரி தெரிந்த ஐந்நூறு பேரோடு சேர்ந்து கத்தப் போனார்கள்.

கைபேசியில் பார்ப்பதுதான் இந்த வரலாற்றில் உண்மையாகவே புதியது. தூர்தர்ஷன் கூடம், டெக் இரவு, இலவச டிவி எல்லாமே பலர் சேர்ந்து பார்த்தவை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு படம் பார்ப்பது இதற்கு முன் இல்லாதது. அதைக் குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் பார்க்க வேண்டிய படங்களும் உண்டு. ஆனால் அறிமுகமில்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து சிரிக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு வாய்க்காமல் போனால், அந்த இழப்பை எந்தப் பெரிய திரையும் ஈடு செய்யாது.

அந்தப் பழக்கத்துக்கு இன்னும் காவல் தேவைப்படுகிறது. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். மற்ற பார்வையாளர்கள் கேள்வி கேட்ட பிறகே உள்ளே விட்டார்கள். டிக்கெட் வாங்கியவருக்கு இடம் உண்டு என்ற நூற்றாண்டு உடன்பாட்டைக் காப்பாற்றியது அந்தப் பார்வையாளர்கள்தான்.

டூரிங் டாக்கீஸில் புரொஜக்டர் ஓட்டியவர்களும், டிக்கெட் கிழித்தவர்களும், முறுக்குத் தட்டு சுமந்தவர்களும் இன்னும் பல ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். நோட்டீஸ்களும் லைசென்ஸ் காகிதங்களும் பரணில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊர்க் கொட்டகை எந்த இடத்தில் இருந்தது, தட்டி எங்கே பிரித்தது, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அவர்களிடம் இந்த ஆண்டே கேட்டு எழுதி வையுங்கள். பக்கத்துச் சிறுநகரில் ஒற்றைத் திரைத் தியேட்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த படத்தை அங்கே போய்ப் பாருங்கள்.