யுவைட்டிஸ்: கண்ணில் தெரியும் உடல்நோய்

யுவைட்டிஸ் என்பது கண்ணின் நடுப்படலத்தில் ஏற்படும் அழற்சி. ஐரிஸ், சிலியரி உறுப்பு, விழித்திரைக்குப் பின்னுள்ள கோராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே இப்படலம். ரத்தநாளங்கள் நிறைந்த இடமாதலால், உடலின் வேறு பகுதியில் உள்ள தொற்றும் தடுப்பாற்றல் கோளாறும் இங்கே எளிதில் வெளிப்படுகின்றன. முன்பகுதி அழற்சியில் கண் சிவந்து வலிக்கும், வெளிச்சம் கூசும். இதை ‘மெட்ராஸ் ஐ’ என்று எண்ணி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும். யுவைட்டிஸில் பீளை இராது, சிவப்பு கருவிழியைச் சுற்றி அடர்ந்திருக்கும், பார்வை மங்கும். பின்பகுதி பாதிக்கப்பட்டால் சிவப்பும் வலியும் இல்லாமலே பார்வை குறையலாம். மூட்டுவாதமுள்ள குழந்தைகளிடம் முன்பகுதி அழற்சிகூடக் கண் சிவக்காமலே முற்றிவிடுகிறது. ஆகவே குறை ஏதும் சொல்லாவிட்டாலும் அவர்களை ஸ்லிட் லாம்ப் கருவியில் அவ்வப்போது பரிசோதித்தாக வேண்டும்.

ஸ்டீராய்டு ஏறக்குறைய எல்லா வகை அழற்சியையும் தணிக்கும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. காசநோயாலோ சிஃபிலிஸாலோ வந்த அழற்சிக்கு அதை மட்டும் கொடுத்தால் கண் சில நாள் தெளியும், கிருமி பெருகும். கண்ணுக்குள் வரும் லிம்ஃபோமா என்ற புற்றுநோயும் ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாக அடங்கி மருத்துவரை ஏமாற்றும். எனவே காரணத்தைத் தேடுவது சிகிச்சையின் முதல் பகுதி. அதற்காக எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே சீட்டில் எழுதுவது தேடல் ஆகாது. உறங்குநிலைக் காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில் மான்டூ என்ற காசநோய்த் தோல் சோதனையில் ஊசியிட்ட இடம் தடித்திருப்பது மட்டும் எதையும் நிறுவாது. கோராய்டில் பாம்பு நெளிவதுபோல் பரவும் புண்ணும் சேர்ந்திருந்தால் அதற்கு எடை கூடும். கண்ணின் தோற்றமும் நோயாளியின் கதையுமே எந்தச் சோதனை தேவை என்பதைச் சொல்ல வேண்டும். 1993 இறுதியில் தென்னிந்தியாவில் பெருவெள்ளம் வந்தது. அதையடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவைட்டிஸ் நோயாளிகள் கூட்டமாக வந்தபோது, எலிக்காய்ச்சல் கிருமியே காரணம் என்று கண்டறியப்பட்டது. வெள்ளநீர், வயல்வேலை, கால்நடை பற்றிக் கேட்காத மருத்துவருக்கு இந்த விடை கிடைக்காது. முதுகுவலியும் அப்படித்தான். டப்ளினில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், காரணம் தெரியாத முன்பகுதி யுவைட்டிஸுடன் வந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு அதுவரை கண்டறியப்படாத முதுகெலும்பு மூட்டழற்சி வகை நோய் இருந்தது.

பலருக்கு எவ்வளவு தேடியும் காரணம் கிடைப்பதில்லையே, செலவு வீண்தானே என்று கேட்கலாம். தொற்று இல்லை என்று உறுதியாவதே பெரிய விடை. அதன் பிறகுதான் தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் துணிந்து தர முடியும். இவற்றில் விலை மலிந்த மெத்தோட்ரெக்சேட் பின்தங்கவில்லை: 2019இல் வெளியான ஃபாஸ்ட் ஆய்வில் மைக்கோஃபினோலேட் என்ற இதே வகை மருந்து அதைவிடச் சிறந்ததாக இல்லை. 2016இல் அமெரிக்காவில் தொற்றில்லா யுவைட்டிஸுக்கு ஒப்புதல் பெற்ற அடாலிமுமாப் உறங்கும் காசநோயை எழுப்பக்கூடியது என்பதால், சோதிக்காமல் தொடங்கக் கூடாது. தேடிக்கொண்டிருந்தால் பார்வை போய்விடாதா என்ற அச்சமும் நியாயமானதே. முன்பகுதி அழற்சிக்கு, கருவிழியில் கிருமிப் புண் இல்லை என்று பார்த்தபின் ஸ்டீராய்டுச் சொட்டும் பாவையை விரிக்கும் சொட்டும் அன்றே தொடங்கலாம்; காத்திருக்க வேண்டியவை மாத்திரையும் ஊசியும். சொட்டு மருந்தும் தீங்கற்றதல்ல: மேற்பார்வையின்றி நீண்டகாலம் போட்டால் கண்புரையும் கண்ணழுத்த நோயும் வரும். கண் மருத்துவரிடம் செல்பவர்கள் முதுகுவலி, வாய்ப்புண், நாள்பட்ட இருமல், தோல் தடிப்பு எதையும் கண்ணுக்குத் தொடர்பில்லாதது என்று ஒதுக்காமல் சொல்லிவிட வேண்டும்.