ரீலுக்குள் இருக்கும் சரித்திரம்

ரீல் டேப் ரிக்கார்டர் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு வட்டத் தட்டுகள் சுற்றுவது கண்முன் வரும். டேப்பைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதைத் தாங்கும் தட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பள்ளியில் நாங்கள் அதை 'பொபீன்' என்போம். டேப் ரிக்கார்டரே பிரெஞ்சில் 'மாஞெத்தோஃபோன்'. இது ஒரு ஜெர்மன் கம்பெனி தன் இயந்திரத்துக்கு வைத்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு பொதுப் பெயராக்கிவிட்டார்கள்.

காந்தத்தில் குரலைப் பதிக்கும் கருவியை டென்மார்க் நாட்டு வால்டெமார் பௌல்சன் 1898-ல் செய்தார். 1900-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதைக் காட்டினார். அங்கே பதிவான ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசப்பின் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதில் டேப் கிடையாது, உருளையில் சுற்றிய எஃகுக் கம்பிதான்.

காகித நாடாவில் இரும்புத்தூள் பூசும் யோசனை ஃபிரிட்ஸ் ஃப்ளோய்மருடையது. சிகரெட் முனையில் பொன்னிறப் பட்டை ஒட்டும் வேலையில் இருந்தவர். 1928-ல் காப்புரிமை வாங்கினார். ஏஇஜி கம்பெனி இயந்திரத்தையும் பிஏஎஸ்எஃப் கம்பெனி நாடாவையும் செய்ய, 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னெட்டோஃபோன் அரங்கேறியது. மறு வருடம் நவம்பரில் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் சர் தாமஸ் பீச்சம் நடத்திய லண்டன் பில்ஹார்மோனிக் கச்சேரியை அதில் பதிவு செய்தார்கள்.

ஜெர்மானியர்கள் நாடாவை நடுவில் ஒரு சிறு உலோக வளையத்தில் மட்டும் சுற்றினார்கள். பக்கத் தட்டு கிடையாது. படுக்கை வசமாக வைத்த இயந்திரத்தில், கீழே ஒரு தட்டின்மேல் அந்தச் சுருள் தோசைக்கல்லில் தோசைபோல் கிடக்கும். 1000 மீட்டர் நாடா, நொடிக்கு 77 சென்டிமீட்டர் வேகம், ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். ஆனால் தூக்கும்போது கை தவறினால் நடுப்பகுதி கழன்று, அத்தனையும் இடியாப்பம்தான். ஐரோப்பிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்த முறை பல காலம் தொடர்ந்தது.

யுத்தம் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் இரண்டு மேக்னெட்டோஃபோன்களையும் 50 ரீல் நாடாவையும் பகுதி பகுதியாகப் பிரித்துத் தபால் பைகளில் ஊருக்கு அனுப்பினார். 1946 மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் பொறியாளர்களுக்குப் போட்டுக் காட்டினார். பாடகர் பிங் கிராஸ்பிக்கு நேரடி ஒலிபரப்பு பிடிக்காது. 1947-ல் தம் நிகழ்ச்சியை நாடாவில் பதியச் செய்தார். ஆம்பெக்ஸ் கம்பெனிக்கு 50,000 டாலரும் கொடுத்தார். 1948-ல் ஆம்பெக்ஸ் 200 வந்தது.

இயந்திரத்தை நிமிர்த்தி வைத்தால் தட்டில்லாத சுருள் நிற்காது. அமெரிக்கர்கள் இரு பக்கமும் தட்டு வைத்த ரீலுக்குப் போனார்கள். ஒலிபரப்பாளர் சங்கமான என்ஏபி அளவுகளை நிர்ணயித்தது. ரீலின் விட்டம் பத்தரை அங்குலம், நடுத்துளை மூன்று அங்குலம். துளையின் ஓரத்தில் மூன்று வெட்டுகள். வீட்டு உபயோகத்துக்கான ஏழு அங்குல ரீலுக்கு, சினிமாப் படச்சுருளின் வழியில் வந்த சிறு துளை. பத்தரை அங்குல ரீலில் 2500 அடி சாதாரண நாடா ஏறும். நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம்.

அளவு ஒன்றாக இருப்பதன் அருமை குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபுல்ஸ்கேப் போய் ஏ4 வந்த காலத்தில் ஃபைல் அட்டையும் அலமாரியும் பட்ட பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். ரீலுக்கு அந்தக் கதி வரவில்லை. ஐம்பதுகளில் என்ஏபி அளவில் செய்த ரீல் இன்று வருகிற இயந்திரத்திலும் உட்காரும்.

பெரிய ரீலுக்கு அலுமினியம் வந்ததற்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் வெயிலில் கோணும். இரும்பு கனம், போதாததற்குக் காந்தம் ஏறும். அலுமினியம் இலேசு, காந்தம் ஏறாது. தட்டுகள் நடு உருளையில் திருகாணியால் பொருத்தப்பட்டிருப்பதால் ஒன்று வளைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் கீழே விழுந்து வளைந்த தட்டு ஆபத்தானது. சுற்றுக்கு ஒரு முறை நாடாவின் ஓரத்தை உரசும். கால் அங்குல நாடாவின் ஓரம் நைந்தால், ஓரத்துத் தடத்தில் இருக்கும் ஒலியும் போகும்.

இன்று அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலும், பிரான்சில் நார்மண்டியின் அவ்ரான்ஷ் நகரிலும் புது நாடா தயாராகிறது. நல்ல உலோக ரீல் வேண்டுமென்றால் பழையதைத் தேடலாம், அல்லது கணினி லேத் உள்ள பட்டறையில் சொல்லிச் செய்யலாம். அப்படிச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கையளவு, குத்துமதிப்பு எதுவும் ஆகாது. பழைய நல்ல ரீல் ஒன்றை மாதிரிக்குக் கொடுக்க வேண்டும். நடு உருளை துளையோடு ஒரே மையத்தில் சுற்ற வேண்டும், இல்லையேல் சுருதி ஆடும். இரு தட்டுகளின் இடைவெளி 6.35 மில்லிமீட்டர் நாடாவைவிடச் சற்றே அதிகம் இருக்க வேண்டும். குறைந்தால் உரசும், மிகுந்தால் நாடா மேடு பள்ளமாகச் சுற்றும். தட்டின் விளிம்பிலும் சன்னல் வெட்டுகளிலும் பிசிறு இருக்கக்கூடாது. கொடுக்கும் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒரே எடை, ஒரே நடு உருளை அளவு இருந்தால் இயந்திரத்தின் பிரேக்குக்கும் நாடாவின் இழுவைக்கும் நல்லது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஒலி ஆவணக் காப்பாளர்களும் யுனெஸ்கோவும் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு முன் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். இயந்திரமும் உதிரிபாகமும் அருகி வருவதால், நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றும் வழக்கமான வேலை 2025-ஐ ஒட்டி முடிவுக்கு வந்துவிடும் என்பது அப்போது துறையினரின் பொதுக் கணிப்பாக இருந்தது. மாற்றாத நாடாவில் இருக்கும் பேச்சும் பாட்டும் நாட்டுப்புறக் கதையும், நாடா நன்றாக இருந்தும் கேட்க முடியாமல் போகும்.

உங்கள் வீட்டுப் பரணில் ரீல் டேப் ஏதும் இருந்தால், காலி ரீலாகவே இருந்தாலும், பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். தட்டு நேராக இருக்கிறதா என்று மேசைமேல் வைத்துப் பாருங்கள். வளைந்த ரீலில் உள்ள நாடாவை நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஈரமும் வெயிலும் படாமல் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். யார் குரல், எந்த வருடம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். குரலை அடையாளம் சொல்ல நாம் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.