திருவிசநல்லூர் சூரியக் கடிகாரம்

கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூரில், தேவாரத் தலமான சிவயோகிநாதர் கோயிலின் சுவரில் பதித்திருக்கும் அரைவட்டக் கருங்கல் கடிகாரம் இது. நடுவில் பித்தளை ஊசி. சுற்றிலும் காலை 6 முதல் மாலை 6 வரை மணிக்கோடுகள். 1400 ஆண்டுப் பழமை என்பார்கள். பராந்தகச் சோழன் அமைத்தது என்றும் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் ஆண்டது 907 முதல் 955 வரை என்பதால் இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. பகலை 30 நாழிகையாகப் பகுத்த காலத்தில் மணிக்கோடுகளுக்குத் தேவையும் இல்லை. ராஜராஜனின் துலாபாரத்தைச் சொல்லும் கல்வெட்டே இக்கோயிலில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கோயிலின் வயதுக்குச் சான்று, கருவியின் வயதுக்கு அல்ல. கருவியே தன் வயதைச் சொல்வதும் உண்டு: சென்னை நுங்கம்பாக்கத்தில், மதராஸ் வானாய்வகத்தின் முதல் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் நிற்கிறது. 1792 என்ற தன் ஆண்டைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தன் மேலேயே பொறித்து வைத்திருக்கிறது. அப்படியோர் எழுத்து கிடைக்கும்வரை, இன்றைய வடிவிலுள்ள இக்கடிகாரத்தைப் பிற்காலத்தது என்று கொள்வதே நியாயம்.

பழமை குறைந்தால் பெருமையும் குறையுமா? குறையாது. இதன் சிறப்பு இடத்துக்குப் பொருந்திய வடிவத்தில் இருக்கிறது. நிழல்கடிகாரத்தின் ஊசி பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். இவ்வூர் வடக்கே 11 பாகையில் இருப்பதால், தெற்குச் சுவரிலிருந்து நேராக நீளும் ஊசியை 11 பாகை கீழே சாய்த்தால் போதும். கோடுகளும் மணிக்கு ஏறத்தாழ 15 பாகையாகச் சமமாக விழும்: நண்பகல் கோட்டிலிருந்து பிற்பகல் 3 மணிக் கோடு இங்கே 44.5 பாகையில், லண்டனில் 32 பாகையில். அங்கே கணக்குப் போடாமல் கோடு இழுக்க முடியாது. காவிரிக் கரையில் கவராயம் பிடிக்கத் தெரிந்த கல்தச்சரே செதுக்கிவிடலாம்.

கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்ற குறை சரியல்ல. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. இவ்வூரின் சூரிய நேரம் அதற்குச் சுமார் 12 நிமிடம் பின்தங்கும். பூமியின் ஓட்டம் சீராக இல்லாததும் அச்சுச் சாய்வும் சேர, பிப்ரவரி நடுவில் பின்னடைவு 26 நிமிடமாகும். நவம்பர் தொடக்கத்தில் நிழல் 4 நிமிடம் முந்தும். மெய்யான குறை வேறு. சித்திரை முதல் வாரம் கழிந்தால் ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால், குறுவைப் பயிர் வளரும் நாட்களில் எந்தத் தெற்குச் சுவரிலும் நண்பகல் வெயில் படாது. சுவரின் திசையையும் ஊசியின் சாய்வையும் முறையாக அளந்து, இந்தத் திருத்தங்களையெல்லாம் ஒரு பலகையில் எழுதிக் கடிகாரத்தின் அருகே வைக்க வேண்டும்.